குளத்தில் விட்ட பூ

கிணற்று மூடியைத் திறந்தபடி விட்டுப் போனது அவ, நான் வாடகைக்கு இருந்த வீட்டு அக்கா. உள்ளே விழுந்து செத்தது பக்கத்து வீட்டுக் கோழி. ஏச்சு வாங்கினது கோழிக்காரி.

"கோழி வளர்க்கிறதெண்டால் அதுக்குக் கிணறு எது, முற்றம் எது எண்டு பழக்கி வளர்க்கவேணும் பிள்ளை," என்றா. குரல் உயரவில்லை. அவவின் குரல் எப்போதும் உயராது. பூசை நேரத்தில் பக்கத்தில் இருக்கிறவருக்குப் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் காட்டுகிற குரல் அது. கோழிக்காரியும் புருசனும் பின்னேரம் வரை கிணற்றை இறைத்தார்கள். அவ வேப்பமரத்தடியில் கதிரை போட்டு இருந்து பார்த்தா. நடுவில் இரங்கவும் செய்தா. "களைச்சுப் போனாய். போய் உன்ர வீட்டில தண்ணி குடிச்சிட்டு வா."

வேலை முடிய அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். கேட்ட கணத்தில் அவவின் முகத்தில் ஒரு கனிவு வந்து இறங்கியது. நடிப்பில்லை. மன்னிக்கும்போது அவ மெய்யாகவே வடிவாய் இருப்பா. வேறு நேரங்களில் அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

மன்னார்க் கரையோரம் அரிப்பு என்கிற கிராமத்துக்கு உள்பக்கம் அந்த ஊர். கடல் கேட்காது. உப்புக் காற்று மட்டும் வந்து யன்னல் கம்பிகளைத் தின்னும். வயல் செய்கிற கமக்காரரின் குளங்களையும் வாய்க்கால்களையும் பார்க்கிற ஒரு கந்தோரில் நான் அப்போது உத்தியோகத்தன். முப்பது கடந்த வயது, யாழ்ப்பாணத்துச் சைவக்காரன், அவவின் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தா அவ. கலியாணம் கட்டவில்லை. மாதா கோயில் பீடம் முழுக்க அவவின் கையில்: துணிகள், மெழுகுதிரிகள், பூக்கள். ஊர் அவவை அக்கா என்றே கூப்பிட்டது. அவவுக்கு மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். நானும்.

துப்புரவு என்றால் அப்படியொரு துப்புரவு. கை கழுவுவா, கழுவிய கையைத் துடைப்பா, துடைத்த துணியைக் கழுவுவா. சண்டையின் கடைசி இடப்பெயர்வில் ஆளுக்கொரு போத்தல் தண்ணீர் கிடைத்த நாட்களில், தன் பங்கில் பீடத் துணியைத் தோய்த்தாவாம். பிறகு பக்கத்துக் கூடாரத்தில் போய் நின்றாவாம். "என்ரய கடவுளுக்குக் குடுத்திட்டன். நீ உன்ரயில எனக்குத் தா." கொடுத்த மனுசி இதை என்னிடம் சொன்னபோது சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எது மரியாதை, எது வன்மம் என்று பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

ஆனால் எனக்கு டெங்கு வந்தபோது ஐந்து நாள் என் கட்டிலடியில் இருந்தா. நெற்றியில் ஈரத்துணி. கரண்டி கரண்டியாய்க் கஞ்சி. யாழ்ப்பாணத்தில் என் வீட்டில்கூட எவரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். வந்து விசாரித்தவர்களிடம், "தம்பி தொப்பி போடாமல் வெயிலுக்க திரிஞ்சவர், அதுதான்," என்று சொல்லிக்கொண்டிருந்தா. காய்ச்சல் விட்ட காலை அவவின் பூச்சாடித் தட்டுகளில் டெங்கு பரப்புகிற நுளம்புக் குடம்பிகள் நெளிவதைக் கண்டேன். சொல்லவில்லை. கஞ்சி நல்லாயிருந்தது.

இனிப் பூவுக்கு வருகிறேன்.

வியாகுல மாதாவின் திருநாள் செப்டெம்பரில் வரும். மன்னார்க் கரையில் செப்டெம்பர் என்பது ஒரு காய்ந்த தொண்டை. குளம் வற்றி நடுவில் ஒரு மடு மட்டும் மிஞ்சும். எருக்கலையைத் தவிர எதுவும் பூக்காது. மற்றவர்கள் கடதாசிப் பூ கட்டினார்கள். அவவுக்குக் கடதாசி பிடிக்காது. "துக்கப்படுகிற தாய்க்குச் செத்த பூவை வைக்கிறதோ," என்பா. அந்த வருடம் முருங்கன் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவ, பஸ் யன்னலால் ஒரு வாய்க்காலைக் கண்டிருக்கிறா. வாய்க்கால் நிறைய ஊதாப் பூ. மாதாவின் முக்காட்டு நிறம்.

மறுநாள் என் மோட்டார் சைக்கிளில் பின்னால் பக்கவாட்டாய் இருந்து வந்தா. மடியில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் பேசின். வாய்க்காலில் இறங்கியது நான்தான். ஆகாயத்தாமரை என்று எனக்குத் தெரியும். தெரியாதென்று சொல்ல வழியில்லை, சம்பளமே அதுக்குத்தான். பூவை மட்டும் ஒடித்தால் மத்தியானத்துக்குள் வாடிவிடும் என்று, வேரோடு எடுக்கச் சொன்னா. எடுத்தேன். தாடி மாதிரிக் கறுத்த வேர். ஊதிய தண்டு.

"அக்கா, இது குளங்களைக் கொல்லுற செடி," என்றேன், பாதிச் சிரிப்போடு.

"கோயிலுக்குத்தானே தம்பி."

வரும் வழியெல்லாம் பேசின் தண்ணீர் தளும்பி என் முதுகை நனைத்தது. வெயிலுக்கு அது சுகமாயும் இருந்தது.

திருநாள் அன்று மாதாவின் காலடியில் ஊதாக் கடல். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பூசை வைத்த சுவாமி பிரசங்கத்தில் பூவைப் பற்றி ஒரு வரி சொன்னார். அவ முன்வரிசை வாங்கில் தலை குனிந்திருந்தா. புகழையும் அவ கையைக் கழுவுகிற மாதிரித்தான் வாங்குவா, ஒரு சொட்டும் ஒட்டாமல்.

திருநாள் முடிந்தது. பீடத்தில் வைத்த பூவைக் குப்பையில் போடக் கூடாது, கால் பட விடக் கூடாது. வாடிய பூவென்றால் எரிப்பார்கள். இதுவோ வேரும் பச்சையுமாய் நிற்கிறது. உயிருள்ளதை எரிக்கிறதும் பாவம். அப்போ தண்ணீரில் விடவேண்டும். ஊரில் தண்ணீர் மிஞ்சியிருந்த ஒரே இடம் குளத்து மடு.

பேசினை நான் தூக்கிப் போனேன். மடுவில் யோகன் வலை போட்டுக்கொண்டு நின்றான். இந்தியாவில் அகதி முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டு மனுசியோடு திரும்பி வந்தவன். கமக்காரர் சங்கம் அந்தக் குளத்தில் மீன் பிடிக்கிற உரிமையை அவனுக்குக் கொடுத்திருந்தது. குளக்கட்டு ஓரம் கோயில் காணியில் ஒரு தகரக் குடிசை. அந்தத் துண்டுக் காணிக்குச் சுவாமியிடம் கதைத்துக் கொடுத்ததும் அவதான். விராலும் திலாப்பியா என்கிற ஜப்பான் மீனும் பிடித்து முருங்கனுக்குக் கொண்டுபோய் விற்பான். அதுதான் அவனுக்கு இருந்த சீவியம். வேறொன்றும் இல்லை.

செடியைக் கண்டதும் வலையை விட்டுவிட்டுக் கரைக்கு வந்தான்.

"அக்கா, இது வெங்காயத் தாமரை. கேடு பிடிச்சது. நாங்க இருந்த முகாமுக்குப் பக்கத்துக் கண்மாயையே மூடிப்போட்டுது. விடாதேங்கோ."

"முருங்கன் வாய்க்கால்ல கொழிச்சுக் கிடக்குது. ஆருக்கு என்ன செய்தது? தம்பிதான் மோட்டார் சைக்கிள்ல ஏத்தியந்து தந்தவர்." என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தா. "மாதாவின்ர காலில இருந்த பூ யோகன். கேடு செய்யுமே?"

தண்ணீர் விளிம்பில் முழங்காலில் இருந்து, ஒவ்வொன்றாய், குழந்தையைக் குளிக்க வார்க்கிற பக்குவத்தில் விட்டா. யோகன் என்னைப் பார்த்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஐப்பசியில் மழை. மார்கழியில் மடுவின் மேல் ஒரு பாய். தையில் ஒரு முற்றம். மாசியில் குளம் இல்லை. குளம் கிடந்த இடத்தில் மாடு நடந்து போகலாம் போல ஒரு பச்சை வெளி, அதன் மேல் ஊதா. வழியால் போனவர்கள் சைக்கிளை நிறுத்தி வடிவு பார்த்தார்கள். மேலே அவ்வளவு வடிவு. கீழே இருட்டு. வெளிச்சம் போகாத தண்ணீரில் மூச்சும் இல்லை. அல்லி முதலில் போனது. விரால் மேலே வந்து வாய் திறந்து காற்றை விழுங்கித் தப்பியது. ஜப்பான் மீன்கள் விடியற்புறங்களில் இலைகளுக்கிடையே வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. தவளைச் சத்தம் குறைந்து, ஒரு கிழமையில் இல்லாமல் போனது. வாடைக் காலத்தில் வந்து இறங்குகிற தாராக் கூட்டம் மேலே இரண்டு வட்டம் சுற்றியது, இறங்கத் தண்ணீர் காணவில்லை, உப்பு வெளிப் பக்கம் திரும்பிப் போனது. தத்தித் தத்தி மீன் கொத்துகிற கொக்குக்கு நிற்கச் சேறில்லை.

மண்ணுக்கு நடந்தது பிறகுதான் தெரிந்தது. முன்பெல்லாம் கோடையில் குளம் வற்றினால் அடியில் வண்டல் ஓடு ஓடாய் வெடித்துக் கிடக்கும். அள்ளிப்போய்த் தோட்டத்தில் கொட்டுவார்கள், கத்தரி எழும்பும். இப்போது தண்டும் இலையும் அழுகி அழுகிப் படிந்து, கறுத்த களி, கூழ்முட்டை மணம். காய்ந்தால் பஞ்சு மாதிரி லேசு. தண்ணீர் விட்டால் மிதக்கும். அதற்குள் விதை. பல வருடம் செத்ததுபோல் கிடந்து, நனைந்தவுடன் கண் திறக்கிற விதை. அதை வண்டல் என்று நம்பி அள்ளிப் போனவர்கள் தங்கள் கிணற்றடிக்கும் அதைக் கொண்டுபோனார்கள்.

யார் கொண்டுவந்தது என்ற கேள்வி அந்த மாசியிலேயே குளக்கட்டில் எழும்பியது. ஒரு கிழவர் வாய் தவறி, "உது மாதாவுக்கு வைச்ச பூவெல்லே?" என்றார். பக்கத்தில் நின்ற மகன், "சும்மா இரு அப்பு. கோயில் பூவில கேடு வருமே?" என்றான். அதோடு முடிந்தது. எல்லோரும் அந்தப் பூவை மாதாவின் காலடியில் கண்டவர்கள். சுவாமி மந்திரித்தது நாசம் செய்யாது. நாசம் செய்ததால் அது மந்திரித்தது இல்லை. வேறு பூ. வேறு எங்கிருந்தோ வந்தது.

அவ பொய் சொல்லவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். ஒரு பொய்யும் சொல்லவில்லை.

"எனக்கு உதின்ர பேரே தெரியாது," என்றா. "யோகன்தான் சொன்னவன், வெங்காயத் தாமரை எண்டு. அங்கை முகாமடியில நிறையக் கண்டவனாம்."

அவ்வளவுதான். பேர் தெரிந்தவன்தானே கொண்டுவந்திருப்பான். மீதியை ஊர் செய்துகொண்டது.

சங்கம் யோகனைக் குளத்தைத் துப்புரவாக்கச் சொன்னது. அவனும் மனுசியும் இடுப்பளவு சேற்றில் ஒன்றரை மாதம். அட்டை, சொறி, நகக்கண்ணில் புண். அவ தினமும் பின்னேரம் குடையோடு வந்து குளக்கட்டில் இருப்பா. பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவருவா. அவ மாதிரிக் கண் எவருக்கும் இல்லை.

"அங்கை, அந்த மூலையில ஒண்டு விட்டிட்டாய் யோகன்."

"எடுக்கிறன் அக்கா."

"வேரோட. அரைகுறையா விட்டால் திரும்பி வரும். எதையும் துப்புரவாச் செய்யவேணும்."

அவனுடைய மனுசி ஒருநாள் நிமிர்ந்து நின்று அவவையே பார்த்தாள். நீண்ட பார்வை. அவ அன்பாய்க் கேட்டா, "என்ன பிள்ளை, குனிஞ்சு குனிஞ்சு நாரி நோகுதே?"

ஒருநாள் கந்தோர் வாசலில் யோகன் எனக்காகக் காத்துநின்றான். கையில் மீன் இல்லை. "ஐயா, நான் சொன்னால் எடுபடாது. நான் வந்தான் வரத்தான். அவ பீடத்துக்குப் பூ வைக்கிறவ. நீங்க கவுண்மேந்து ஆள். நீங்க ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்."

"பாப்பம்," என்றேன்.

அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் என்ன பொருள் என்று அவனுக்குத் தெரியும். தலையாட்டிவிட்டுப் போனான். அன்றிரவு அவ எனக்கு நண்டுக் கறி வைத்திருந்தா.

அடுத்த மழைக்கு எல்லாம் திரும்பி வந்தது. முறிந்த துண்டிலிருந்து, சேற்று விதையிலிருந்து, குளக்கட்டில் குவித்த குப்பை கழுவி இறங்கியதிலிருந்து. அந்தத் தையில் சங்கத் தலைவரின் எருமை, பச்சையைத் தரை என்று நம்பிக் கால் வைத்தது. கறுத்த களி வயிறு வரை விழுங்கியது. கயிறு கட்டி இழுக்க ஆள் வருவதற்குள் மூக்கும் போய்விட்டது. எருமை செத்ததோடு கதை மாறியது. யோகனை ஊரைவிட்டு எழுப்பவேண்டும் என்று நாலு பேர் கதைக்கத் தொடங்கினார்கள். குடிசையைப் பிரிப்பம் என்றார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கூட்டம். சுவாமி அடுத்த ஊர்ப் பூசைக்குப் போய்விட்டார். கந்தோர் சார்பில் கூட்டக் குறிப்பு எழுத நான் மேசையில். யோகன் வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்திருந்தான், நகங்களுக்குள் கறுப்பு. மனுசி வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

நாலு பேரின் சத்தம் ஏற, அவ எழும்பினா. மண்டபம் அடங்கியது.

"ஏசாதேங்கோ. அவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கு. ஒத்துக்கொண்டால் போதும். ஒத்துக்கொள்ளாதவனுக்கு ஒருதரும் ஒண்டும் செய்ய ஏலாது. ஒத்துக்கொண்டால் குடிசை அந்த இடத்திலயே இருக்கட்டும். அது கோயில் காணி, சுவாமியோட நான் கதைக்கிறன்."

தலைவர் திரும்பினார். "யோகன், நேராக் கேக்கிறன். உதைக் குளத்தில போட்டது நீயோ?"

யோகன் என்னைப் பார்த்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் பேனை முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லுப் போதும். அது என் நாக்கில் இருந்தது. நாக்கிலேயே இருந்தது.

"ஓம்," என்றான். "நான்தான் போட்டனான்."

"எங்கால கொண்டந்தனீ? இந்தியாவில இருந்தோ?"

"இல்லை. முருங்கன் வாய்க்கால்ல கொழிச்சுக் கிடந்தது. ஒரு பச்சைப் பேசின்ல வேரோட அள்ளியந்தனான். மோட்டார் சைக்கிள்ல."

பின்வாங்கில் ஒருவர் சிரித்தார். "உன்னட்டை எங்கையடாப்பா மோட்டார் சைக்கிள்?"

"தெரிஞ்ச ஆள் ஒராள் ஏத்தி இறக்கினவர். நல்ல மனுசன்."

என் பேனை எழுதிக்கொண்டுதான் இருந்தது.

"என்னத்துக்கு?" என்று கேட்டது அவ. தலையைச் சற்றுச் சரித்து, முதன்முதலாய் ஒரு விசயத்தைக் கேட்கிறவவின் கவனத்தோடு.

"பூ வடிவாய் இருந்தது அக்கா. மாதாவின்ர காலில வைச்சால் நல்லாயிருக்கும் எண்டு நினைச்சன். வைச்ச பிறகு குப்பையில போட மனம் வரேல்லை. தண்ணியில விட்டிட்டன்."

சிரித்தவர் நிறுத்தினார். மண்டபத்தில் அறுபது எழுபது பேர். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். வெளியே நின்ற மனுசி சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.

நான் அவவின் முகத்தில் ஒரு கீறலைத் தேடினேன். கண் ஒருமுறை தவறினால் போதும், ஒரு விரல் நடுங்கினால் போதும், இத்தனை வருடமும் அதைப் பிடித்துக்கொண்டு நான் அவவை மன்னித்திருப்பேன். இல்லை. அவவின் கண்கள் நிறைந்திருந்தன. அவனுக்காக. அவ அவனை நம்பினா.

"ஒரு பூவுக்கு ஆசைப்பட்டு ஒரு குளத்தையே," என்று மெல்லச் சொன்னா. பிறகு கிட்டப் போய், அவனுடைய சொறிபிடித்த கையை, அந்தக் கையை, தன் இரண்டு கைகளாலும் பிடித்தா. முகம் கனிந்து வெளிச்சமாய் இருந்தது. "பரவாயில்லை. இனிக் கவனமா இரு."

"ஓம் அக்கா. நன்றி அக்கா."

தலைவர் முடிவைச் சொன்னார். குடிசை இருக்கலாம். குளத்தின் உரிமை சங்கத்துக்குத் திரும்பும். செடி முளைக்கும்போதெல்லாம் அதைப் பிடுங்குகிற பொறுப்பு யோகனுடையது. யோகன் கையெழுத்துப் போட்டான். எந்த இடத்தில் என்று கேட்டான், விரலால் காட்டினேன்.

"எல்லாரும் எழும்புங்கோ," என்றா அவ. "போக முதல் யோகனுக்காக ஒரு மந்திரம் சொல்லுவம்."

வாங்குகள் தரையில் உராய்ந்தன. அருள்நிறைந்த மரியே என்று அவ தொடங்க, மண்டபம் பின்தொடர்ந்தது. பாவிகளாயிருக்கிற எங்களுக்காக என்ற இடத்தில் அவவின் குரல் தழுதழுத்தது. யோகன் கைகூப்பி, கண்ணைத் திறந்தபடி, தன்னைப் பிழைகாரனாக்கிய சனத்தோடு சேர்ந்து தனக்காகத் தானே வேண்டிக்கொண்டு நின்றான்.

கடைசியில் எல்லோரும் ஆமேன் என்றார்கள். நானும் சொன்னேன். அது ஒன்றுதான் அன்று அந்த மண்டபத்தில் நான் வாய் திறந்து சொன்ன சொல்.